கௌரியும் கெளரியும்

காலை ஐந்தரை. மொட்டை மாடியில் பாயை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடுகிறேன். மூச்சைக் கவனிக்க வேண்டும். மூச்சுக்குப் பதிலாக நேற்று மாலை என் கோடுக்குக் கீழே ஒருவர் எழுதிய கமென்ட் வந்து நிற்கிறது. “இந்த மதிப்பு காலியாக வந்தால் என்ன ஆகும், பார்த்தீர்களா?” அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பார்த்திருந்தேன். அதற்கு டெஸ்ட்டும் எழுதியிருந்தேன். ஆனால் வயிறு அதையெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

*

2002-இல் பி.இ. முடித்தேன். டாட்காம் கம்பெனிகள் சரிந்த சமயம். எங்கள் காலேஜுக்கு கேம்பஸ் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்து, அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து, கிண்டியில் பதினாலு பேர் இருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். விருதுநகர்ப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. கிளையன்ட் கால் இருக்கிற நாளில், பேச வேண்டிய நாலு வாக்கியத்தைப் பாத்ரூம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டு வருவேன். கதவைத் தட்டினால் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

அந்தப் பயத்தை இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. அது நேர்மையான பயம். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும், கேட்டால் யாராவது சொல்லித்தருவார்கள். தெரியாமல் இருப்பதற்கு அப்போது ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்குப் பெயர் ‘ஃப்ரெஷர்’.

கனமானது பின்னால்தான். சீனியர், லீட், இப்போது கார்டில் இருக்கிற ‘பிரின்சிபல்’. ஒவ்வொரு பெயரும் ஒரு சட்டை மாதிரி, அளவு பார்க்காமல் எடுத்துத் தந்தது. இருபத்து நாலு வயசுப் பிள்ளை “எனக்குப் புரியல” என்றால் சிரித்துக்கொண்டே விளக்குகிறோம். நாற்பத்தைந்து வயசில் நான் சொன்னால் அறையில் ஒரு வினாடி சத்தம் நின்றுபோகிற மாதிரி எனக்குக் கேட்கிறது. நிஜமாகவே நிற்கிறதா என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

*

இதற்கு ஒரு பெயர் உண்டு. இம்போஸ்டர் சிண்ட்ரோம். தன் உழைப்பில் வந்ததையெல்லாம் ஏதோ ஏமாற்றி வாங்கியதாக நினைப்பது, எந்த நிமிஷமும் பிடிபட்டுவிடுவோம் என்று காத்திருப்பது. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். அவர்கள் கவனித்தது சுமார் 150 பெண்களை: முனைவர் பட்டம் வாங்கியவர்கள், தொழிலில் பெயரெடுத்தவர்கள், நன்றாகப் படிக்கும் மாணவிகள். ஜெயித்ததற்கு அந்தப் பெண்கள் காரணம் வைத்திருந்தார்கள். அதிர்ஷ்டம். பேப்பர் திருத்தியவர் தப்பு செய்துவிட்டார். தேர்வுக் குழுவில் யாருக்கோ கண் தெரியவில்லை. தங்கள் மூளை மட்டும் அந்தக் காரணங்களில் வரவே வராது.

அவர்கள் இதை நோய் என்று சொல்லவில்லை. ‘ஃபினாமினன்’ என்றுதான் எழுதினார்கள், நிகழ்கிற ஒன்று. சிண்ட்ரோம் என்பது பின்னால் ஊர் ஒட்டவைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இப்படி ஒரு நோய் கிடையாது.

கிளான்ஸ் பிறகு 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை நிரப்பினேன். மதிப்பெண் அதிகமாக வந்தது. உடனே தோன்றியது: உண்மையில் அவ்வளவு இல்லை, நான்தான் மிகைப்படுத்திப் போட்டிருப்பேன். இந்தப் பரீட்சையிலும் ஏமாற்றிப் பாஸான மாதிரி.

2021-இல் ருச்சிகா துல்ஷியான், ஜோடி-ஆன் பியூரி என்ற இருவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதினார்கள். பெண்களிடம் உனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று சொல்வதை நிறுத்துங்கள், அவர்களைத் தங்களையே சந்தேகிக்க வைக்கிற அலுவலகத்தைச் சரிசெய்யுங்கள் என்பது அவர்கள் வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பேர் இருக்கிற அறையில் டேட்டாபேஸைப் பற்றி நான் சொன்னதும் கிளையன்ட் பக்கத்திலிருக்கிற ஆணைப் பார்த்து “அப்படியா?” என்று கேட்டதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அது என் மனசின் கோளாறு இல்லை. மீதிப் பாதிக்கு வருகிறேன். மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு அந்தக் கிளையன்ட் இல்லை, பக்கத்து ஆண் இல்லை. மல்லிச் செடித் தொட்டியும் நானும்தான். அப்போதும் யாரோ கேட்கிறார்கள்: அப்படியா?

*

அலமாரியைத் துடைத்தேன். பாலகுருசாமி. கனேட்கரின் ‘லெட் அஸ் சி’. ஹெர்பர்ட் ஷில்ட் எழுதிய ஜாவா புத்தகம், செங்கல் கனம், அட்டை மூலை எலி கடித்தது. 2004-இல் ராத்திரி ராத்திரியாக ஸ்ட்ரட்ஸ் படித்தேன். 2013-இல் அதன் முதல் பதிப்பை இனி பராமரிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். சிவிஎஸ் கற்றேன், போனது. எஸ்விஎன் கற்றேன், அதுவும் போனது. மகள் பிறந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு 2012-இல் திரும்பினால் எல்லோரும் கிட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்குவதற்குள் டாக்கர், அதற்கு அடுத்த வருஷம் குபர்னெட்டிஸ்.

கற்றதெல்லாம் காலாவதியாகிற தொழில் இது. பால் பாக்கெட்டாவது தேதி போட்டு வருகிறது.

எல்லாம் போய் எது மிஞ்சியது என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு மோப்பம் மிஞ்சியிருக்கிறது. இது இங்கே உடையும், இந்தத் தேதியை நம்பக்கூடாது, இந்தக் கம்பெனிக்காரர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறொன்று. இதை ரெசுமேயில் எந்தத் தலைப்பின் கீழே போடுவது? போட முடியாதது இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வருகிறது.

*

கௌரி விஷயத்தை எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உறுப்பினர் பெயரைத் தமிழில் அடித்தால் கணக்கு வர வேண்டும். அங்கிருக்கிற கிளார்க் அம்மா போன் செய்தார். கௌரி என்று அடித்தால் வரவில்லையாம். ஆள் எதிரில் நிற்கிறார், பாஸ்புக் கையில் இருக்கிறது, மொத்தப் பட்டியலைத் திறந்து கீழே உருட்டினால் பெயரும் கண்ணுக்குத் தெரிகிறது. தேடினால் மட்டும் இல்லை என்கிறது.

கேட்டவுடன் எனக்கு விடை தெரிந்துவிட்டது. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக இருக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. ஔகாரத்துக்கும் இதே கதைதான். மருந்தும் உண்டு: ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் ‘நார்மலைஸ்’ செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மீட்டிங்கில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். கொடியரசு, மோகன், சௌந்தரம் என்று நாங்களே அடித்து, நாங்களே தேடினோம். எல்லாம் வந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, காற்று வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை அனுப்பினோம். வியாழக்கிழமை அதே கிளார்க் அம்மா. அதே கௌரி.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இந்த நோட்டில் எழுத வேண்டும். யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு இரண்டு சீட் தள்ளி நாலு பேர் இருந்தார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன், பாட்டு ஓடவில்லை. நார்மலைஸ் செய்கிற வரியை எட்டு முறை படித்தேன். எட்டு முறையும் அது சரியாகவே இருந்தது. திரையின் பிரகாசத்தைக் குறைத்தேன், பின்னால் போகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று. காதுக்குள் ஓடியது ஒரே வாக்கியம்: மீட்டிங்கில் இரண்டு நிமிஷத்தில் சொன்னாயே.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான தம்பி ஒருவன், தென்காசிப் பக்கம், டீ சாப்பிடக் கூப்பிட வந்தான். திரையைப் பார்த்துவிட்டான். அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. “அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தா நம்பரா பிரிச்சுப் பார்த்தீங்களாக்கா?” பார்க்கவில்லை. அவனே பிரித்தான்.

நாங்கள் அடித்த கௌரி: 2965, 3020, 2992, 3007.

சங்கத்தில் இருந்த கௌரி: 2965, 3014, 2995, 2992, 3007.

நாலு எண் வர வேண்டிய இடத்தில் ஐந்து. அவன் விரலை நடுவில் வைத்தான். “2995ன்னா ‘ள’தானேக்கா? இது ஔ இல்ல. யாரோ கொம்பு போட்டு, பக்கத்துல ளகரத்தை அடிச்சிருக்காங்க.”

டைப்ரைட்டிங் படித்த கை. பழைய தமிழ்த் தட்டச்சில் ஔகாரத்தை அப்படித்தான் அடிப்பார்கள், ள இருக்கிற விசையையே இதற்கும் தட்டி. யூனிகோடில் ஔகாரத்தின் வலது பக்கக் குறி வேறு, எண் 3031. ளகரம் வேறு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அந்த இடத்தில் ளகரம் உட்கார்ந்திருந்தால் எந்த நார்மலைசேஷனும் அதை எழுப்பாது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அதில் பிழையே இல்லை. அது கெ-ள-ரி என்று வேறொரு சொல்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு வருஷம் தமிழ்வழியில் படித்தவள். ஔகாரமும் ளகரமும் ஒரே மாதிரி இருக்கும் என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலை வைத்துக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. வேறெதில் தோற்றாலும் பரவாயில்லை, இதில் போய் தோற்றேனே என்று முகம் சுட்டது. பிடிபட்டுவிட்டேன் என்று ஒரு நொடி நிச்சயமாக நம்பினேன்.

தம்பி அதற்குள் பக்கத்து ஜன்னலில் ஏஐ கருவியிடம் கேட்டு ஒரு வரி வாங்கிவிட்டான். கொம்புக்குப் பின்னால் ள வந்தால், இரண்டையும் எடுத்துவிட்டு ஔகாரக் குறியைப் போடு, டேபிள் முழுக்க. அவனுடைய பிரதியில் ஓட்டினான். கௌரி வந்தாள். அவன் முகமெல்லாம் வெளிச்சம். “இப்பவே போட்டுரலாமாக்கா?”

“வெள்ளைச்சாமின்னு ஒருத்தர் இருந்தா?”

“அவருக்கு என்ன?”

“தேடிப் பாரு.”

தேடினான். இருந்தார், ஆனால் பெயர் உடைந்துபோய். வெ-யின் கொம்பும் அடுத்த ளகரமும் சேர்ந்து ஔகாரமாகிவிட்டதால், ள் மேல் இருந்த புள்ளிக்கு உட்கார எழுத்தில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. வெள்ளையம்மாளுக்கும் அதே கதி. “ஐயோக்கா” என்றான்.

ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று விதியை மாற்றினோம். (கெளுத்தி என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்க மாட்டார்கள் என்றான். அடுத்து வரவிருப்பது மீனவர் சங்கம், மீன் பெயரும் அதில் வரும் என்றேன்.) அதோடு இன்னொன்றும் சொன்னேன். இருக்கிற பெயரில் கை வைக்காதே. தேடுவதற்கென்று பக்கத்தில் தனியாக ஒரு பத்தி போட்டு, திருத்தமெல்லாம் அதில் மட்டும் செய்.

“தப்பா இருக்கறதத்தானேக்கா சரிபண்றோம்?”

“அது நமக்குத் தப்பு. அவங்க ரேஷன் கார்டுல எப்படி இருக்கோ அதான் அவங்க பேரு. தேடற பத்தியில நாம தப்பு பண்ணினா கூட ஒரு பேரு அதிகமா வரும், அவ்வளவுதான். பதிவுல தப்பு பண்ணினா ஒரு ஆளு காணாமப் போயிடும்.”

பிறகு கீழே போய் டீ குடித்தோம். காசு அவன் கொடுத்தான்.

*

மறுநாள் காலை மாடியில் உட்கார்ந்தபோது எனக்கு நினைவில் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரமும், பாட்டு ஓடாத ஹெட்ஃபோனும், அவன் விரல் நின்ற இடமும். வெள்ளைச்சாமி நினைவில் இல்லவே இல்லை. இரண்டு நாள் கழித்து, நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கும்போதுதான் அந்த வரிக்கு வந்தேன். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.

உடனே மனசு பதில் வைத்திருந்தது. வெள்ளைச்சாமி என் தாத்தா பெயர். அதனால் தோன்றியது. தற்செயல்.

அப்போதுதான் 1978-இல் அந்த இருவர் எழுதியது எனக்கு உறைத்தது. படித்தபோது உறைக்கவில்லை. அதிர்ஷ்டம், தற்செயல், யாரோ தப்பாகத் திருத்திவிட்டார்கள். அந்த 150 பெண்களில் ஒருத்தியாக நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் சரியான விடையோடு, அதற்கு வேறு யாரையாவது பொறுப்பாக்கத் தேடிக்கொண்டு. இந்தத் தடவை கிடைத்தவர் தாத்தா. செத்து முப்பது வருஷமாகிறது, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காதவர்.

*

எண்களின் வரிசையில் ஒன்றைத் தேடும் ‘பைனரி சர்ச்’ என்ற முறை உண்டு. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி: நடுவில் திற, முன்னாலா பின்னாலா என்று பார், அந்தப் பாதியின் நடுவில் திற. பத்து வரி. கல்லூரியில் இரண்டாம் வருஷம் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த முறை வெளியே வந்தது 1946-இல். பிழையில்லாத முதல் வடிவம் அச்சேறியது 1962-இல் என்று டொனால்ட் க்னூத் எழுதியிருக்கிறார். பத்து வரிக்குப் பதினாறு வருஷம். ஜான் பென்ட்லி தொழில்முறை புரோகிராமர்களுக்கு இதைக் கொடுத்து எழுதச் சொல்லி, பத்தில் ஒன்பது பேருடையதில் பிழை இருந்ததைக் கண்டு, தன் புத்தகத்தில் சரியான வடிவத்தைப் படிப்படியாக நிறுவிக் காட்டினார். அதிலும் ஒன்று ஒளிந்திருந்தது. நடுப்புள்ளி காண இரண்டு எண்ணைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். கூட்டுத்தொகை 214,74,83,647-ஐத் தாண்டினால் அது எதிர்மறை எண்ணாகக் கவிழ்ந்துவிடும்.

2006-இல் இதை உலகத்துக்குச் சொன்னவர் ஜோஷுவா பிளாக். ஜாவாவின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சில் ஒன்பது வருஷமாக இந்தப் பிழை படுத்துக் கிடந்தது, அதை எழுதியவன் நான்தான் என்று அவரே சொன்னார். அந்த வரிகளை என் புரோகிராம்களும் ஆயிரம் தடவை கூப்பிட்டிருக்கும்.

இந்தக் கதையைப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆறுதலாகச் சொல்வேன். எனக்கு ஆறுதல் ஆனதில்லை. பெரியவர்களுக்குப் பிழை வந்தால் வரலாறு, எனக்கு வந்தால் புகார் டிக்கெட். ஆனால் இந்த வாரம் திரும்ப நினைத்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பிளாக் தன் பிழையை வெளியே சொல்லும்போது ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளவில்லை.

மாரிஸ் வில்க்ஸ் இன்னும் பழையவர். கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினியைக் கட்டியவர். 1949-இல் அந்தக் கணினிக்கும் காகித நாடாவில் துளையிடும் இயந்திரத்துக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது படிக்கட்டுத் திருப்பத்தில் அவருக்கு ஒன்று புரிந்தது: மீதி வாழ்நாளின் நல்ல பங்கு, தான் எழுதியதில் தானே தப்பு கண்டுபிடிப்பதில் கழியப்போகிறது. தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். புரோகிராம் எழுதுவது என்ற தொழில் அன்று பிறந்த குழந்தை. அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே இதுவும் படுத்திருந்திருக்கிறது.

*

ஊருக்குப் போனால் அம்மா பெருமையாகச் சொல்வாள்: “எம்மக கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு.” பக்கத்து வீட்டு அத்தை உடனே தன் மகன் வைத்திருக்கிற இ-சேவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லை. திறந்து பார்ப்பேன், மூடுவேன், ஆஃப் செய்து ஆன் செய்வேன். “என்ன தாயி, இதுகூடத் தெரியாதா?” தெரியாது அத்தை. கடைப் பையன் வந்து பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவான், இழுக்கும்.

அங்கே எனக்கு வெட்கமே வருவதில்லை. சிரித்துவிட்டு சர்பத் குடித்துவிட்டு வருகிறேன். பிரிண்டர் தெரியும் என்று நான் யாரிடமும் சொல்லிச் சம்பளம் வாங்கவில்லை. தெரியாது என்ற அதே சொல், ஓ.எம்.ஆர். ஆபீஸில் தொண்டையில் நிற்கிறது, ஊரில் சர்பத்தோடு இறங்குகிறது.

*

எங்கள் ஆர்க்கிடெக்ட் ஓய்வு பெறப்போகிறார். பதினைந்து வருஷமாக நான் அண்ணாந்து பார்த்த மனிதர். டீக்கடையில் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “யாரும் கண்டுபிடிக்காம கரை சேர்ந்துட்டேம்மா.”

சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. எல்லோருக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் குறையும் என்பார்கள். துணைக்கு ஆள் கிடைத்ததே தவிரக் குறையவில்லை. சொல்லப்போனால் கோபம்தான் வந்தது. பதினைந்து வருஷத்தில் ஒருநாள் இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நான் அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேனா என்று உடனே தோன்றியது. சொல்லவில்லை.

*

இந்த நோட்டுக்கு இப்போது ஒரே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வயிறு இறுகும்போது, என்ன தெரியவில்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பெயர் இருந்தால் அது படிக்க வேண்டிய பாடம். பெயர் வராவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

போன மாதம்: “குபர்னெட்டிஸில் ஒரு பாடிலிருந்து இன்னொன்றுக்குப் போக்குவரத்து எப்படிப் போகிறது என்று உண்மையிலேயே தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.” இதற்குப் பெயர் இருந்தது. மூன்று சனிக்கிழமை செலவானது. இப்போது ஓரளவு தெரியும். இந்த இடத்தில் பயம் சொன்னது சரி, நான் ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாப் பயத்தையும் பொய் என்று தள்ளிவிடச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்த பக்கம்: “எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.” எதில்? யார்? பெயர் வரவில்லை. அதற்குக் கீழே அன்றைக்கு வாங்க வேண்டிய காய்கறிப் பட்டியல் இருக்கிறது. கத்தரிக்காய் அரைக் கிலோ, கொத்தமல்லி.

அப்ரைசல் ஃபாரத்தில் ‘உங்கள் பலம்’ என்ற கட்டம் மூன்று நாளாகக் காலி. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று வளர்த்த வீடு. தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வரி எழுதினால் அம்மா பின்னால் நின்று படிக்கிற மாதிரி இருக்கிறது. இதில் எவ்வளவு சிண்ட்ரோம், எவ்வளவு விருதுநகர் என்று பிரிக்க முடியவில்லை. கடைசியில் பாராட்டுச் சொல் எதுவும் போடாமல் நடந்ததை மட்டும் எழுதினேன். பெயர்த் தேடலில் பிழையின் காரணத்தைக் கண்டுபிடித்தவர் இன்னார். பதிவுகள் உடையாமல் தடுத்தது நான். இரண்டு வரி. இரண்டாவது வரியில் ‘நான்’ என்ற சொல்லை இரண்டு தடவை அழித்து மூன்றாம் தடவை விட்டுவிட்டேன்.

*

நேற்று மீட்டிங்கில் புதுக் கிளையன்ட் ஒரு கேள்வி கேட்டார். பணப் பரிமாற்றத்தைப் பற்றி, கொஞ்சம் சிக்கலானது. வயிறு வழக்கம்போல இறுகியது. “எனக்குத் தெரியல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். அறையில் சத்தம் நிற்கிறதா என்று இந்தத் தடவை கவனித்தேன். ஏசி ஓடியது. யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். கிளையன்ட் “சரி” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மீட்டிங் முடிந்து வரும்போது தம்பி கேட்டான், “நிஜமாவே தெரியாதாக்கா, இல்ல யோசிக்க டைம் வாங்கினீங்களா?”

“நிஜமாவே தெரியாது. நிறைய விஷயம் தெரியாது. அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் ஹெட்ஃபோன்ல பாட்டே ஓடல.”

அவன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். “எனக்கு தினமும் அப்படித்தான்க்கா” என்றான்.

*

கௌரி டிக்கெட்டை இன்று மூடிவிட்டார்கள். கிளார்க் அம்மா எப்படி அடித்துத் தேடினாலும் இப்போது கணக்கு வருகிறது. பதிவில் மட்டும் இன்னும் ‘கெளரி’ என்றுதான் இருக்கிறது. ரேஷன் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.